அஜ்மானிலிருந்து பத்தா வரை ஒரு சொல்லைத் தேடி

அஜ்மானில் மீரான் பாய் கடைக்குப் போய் உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, சாப்பிட்டீர்களா என்பது. இரண்டாவது கேள்வியும் அதுதான். வந்த காரியத்தை மூன்றாவது கேள்விக்குள் நுழைத்துவிடலாம் என்று காத்திருந்தேன். அதற்குள் பரோட்டா வந்துவிட்டது.

காரியம் இதுதான். என் அக்காள் பௌசியா லாத்தாவின் கணவர் காதர் மச்சான், அஜ்மானில் ஒரு கட்டடக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். தொழிலாளர் கேம்ப் ரூமில் தூக்கத்திலேயே மௌத்தாகி, இந்த மண்ணிலேயே அடக்கமும் ஆகிவிட்டார். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் கீழக்கரைக்கு ஒரு சேதி வந்தது. காதர் அங்கே இன்னொரு கலியாணம் பண்ணிக்கொண்டார், வீட்டுக்கு இன்னும் சொல்லவில்லை என்று. அன்றிலிருந்து லாத்தா அவர் போனை எடுக்கவில்லை. அவர் அடித்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு காலையில் அதே நம்பரிலிருந்து வேறு யாரோ அடித்தார்கள்.

துக்கம் கேட்க வந்த பெண்கள் எல்லோரும் லாத்தாவிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டார்கள். மாப்புக் கொடுத்துவிட்டேன், மன்னித்துவிட்டேன் என்று சொல்லு புள்ளே, மௌத்தானவருக்கு அது போதும் என்றார்கள். லாத்தா வாயைத் திறக்கவில்லை. விதவை ஒதுங்கியிருக்கும் நாலு மாதம் பத்து நாள் இத்தா முழுக்க அப்படியே இருந்தாள். இத்தா முடிந்ததும் சென்னையில் இருந்த என்னை வரச் சொன்னாள். அதுவரை எனக்கு அந்தச் சேதியே தெரியாது.

"எந்த ஹதீசு உண்மை, எது பொய்யின்னு பக்கம் பக்கமா எழுதுறியே. இந்த ஒண்ணக் கேட்டுட்டு வா. உண்மைன்னா உண்மைன்னே சொல்லு. மாப்புக் குடுக்குறதா வேண்டாமான்னு பொறவு நான் பாத்துக்குறேன்."

என் பிழைப்பு அதுதான். அரபு நூல்களைத் தமிழில் பெயர்ப்பேன். நபியவர்கள் சொன்னதாக வரும் செய்திகளைச் சோதிக்கும் ஹதீஸ் கலையைப் பற்றி எளிமையாக எழுது என்று ஒரு பதிப்பாளர் கேட்டு, பாதி எழுதி வைத்திருந்தேன். மீதிப் பாதியை வளைகுடாவின் வெயிலில் எழுத வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

மீரான் பாய் எங்கள் ஊர்க்காரர். பக்காலா வைத்திருக்கிறார், மளிகைக் கடைக்கு இங்கே அந்தப் பெயர்தான். சேதி ஊருக்குப் போனது அவர் வாயிலிருந்து. அவர் வீட்டம்மாவிடம் போனில் சொன்னார், அந்த அம்மா தெருவுக்குச் சொன்னார், தெரு லாத்தாவுக்குச் சொன்னது. சேதி ஊரில் வந்து இறங்கியபோது புதுப் பெண்டாட்டி ஒரு மலையாள நர்சு, கையில் குழந்தை வேறு. நர்சைப் பற்றிக் கேட்டதும் மீரான் பாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் நர்சு என்று சொல்லவே இல்லையாம். ஃபிளாட் எடுத்து வைத்திருக்கிறார் என்றுதான் சொன்னாராம். அந்த ஃபிளாட்டை யார் பார்த்தது என்றேன். கலியாணம் பண்ணியவர் கேம்பிலா வைத்துக் குடும்பம் நடத்துவார், ஃபிளாட்டில்தானே இருக்க வேண்டும் என்றார். ஆக, நர்சும் குழந்தையும் நடுக்கடலில் ஏறியவர்கள். ஃபிளாட் மீரான் பாய் கட்டிக்கொடுத்தது.

ஆரம்ப கால ஹதீஸ் அறிஞர்களுக்கு இந்த ரகம் நன்றாகத் தெரியும். நபியவர்கள் சொன்னார்கள் என்று ஒருவர் வந்து நின்றால், அவர்கள் சேதியைப் பார்க்குமுன் ஆளைப் பார்த்தார்கள். நீ யாரிடம் கேட்டாய், அவர் யாரிடம் கேட்டார், நீங்கள் இருவரும் நேரில் சந்தித்தீர்களா, ஒரே காலத்தில் ஒரே ஊரில் இருந்தீர்களா என்று கண்ணி கண்ணியாகத் தட்டிப் பார்த்தார்கள். ஆள் யோக்கியனா என்பது ஒன்று, கேட்டதைக் கேட்டபடி வைத்துக்கொள்ளும் ஞாபகம் உண்டா என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப மாட்டார்கள். பெரிய வணக்கசாலியாக இருப்பார், இவரை நமக்காக இறைவனிடம் துஆ கேட்கச் சொல்லலாம், ஹதீஸ் வாங்க முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். மீரான் பாய் அப்படிப்பட்ட நல்ல மனிதர். என் தட்டில் இன்னொரு பரோட்டாவை வைத்துவிட்டு மச்சானை நினைத்து நிஜமாகவே அழுதார். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். கேம்ப் பூராப் பேசிக்கொண்டார்கள் என்றார். கேம்ப் பூரா என்று ஒரு ஆள் இருக்கிறாரா பாய், அவர் வாப்பா பேர் என்ன என்று எரிச்சலில் கேட்டுவிட்டேன். அதன் பிறகுதான் அவர் கம்பெனி டிரைவர் செல்வராசு என்று ஒரு பெயரைக் கொடுத்தார். பெயர் கிடைத்ததில் எனக்குப் பசியே வந்துவிட்டது. மூன்றாவது பரோட்டாவையும் தின்றேன். அதன் பலனை ராத்திரி வயிறு காட்டியது.

மறுநாள் முதல் வேலையாக மச்சானை அடக்கிய கபர்ஸ்தானுக்குப் போனேன். டாக்சிக்காரர் பெஷாவர்க்காரர். ஷார்ஜா ரோட்டில் வண்டிகள் அசையாமல் நின்றன. துபாயில் வேலை, அஜ்மானில் வாடகை, ஆயுசு பூரா ரோட்டில் என்று அவர் உருதுவில் அலுத்துக்கொண்டார். எங்கள் ராமநாதபுரத்து வெயில் காய வைக்கும். இந்த வெயில் அவித்து எடுக்கிறது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அடக்க இடத்தில் பெயர்ப்பலகை ஏதும் இல்லை. மண்மேடும் கல்லும்தான், வரிசை வரிசையாக. அங்கிருந்த ஆள் கையைக் காட்டி இந்த வரிசை என்றார். எந்த மேடு என்று அவருக்கும் நிச்சயமில்லை. வரிசை முழுவதற்கும் சலாம் சொல்லி துஆ ஓதினேன். மச்சான் பக்கத்தில் இன்னொரு மனைவி என்று யாராவது வந்து நின்றிருப்பாளா என்ற நினைப்பு குறுக்கே ஓடியது. அந்த இடத்தில் அப்படி நினைத்ததற்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

செல்வராசு சிவகங்கைப் பக்கத்துக்காரர். கேம்புக்கு வெளியே வண்டியில் ஏசியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, கப்பில் கரக் டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயில் பாலும் சர்க்கரையும் ஏலக்காயும் இருக்கின்றன, டீ மட்டும் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்தச் சேதியைப் பற்றி நான் கேட்டதும் அவர் தயங்கினார். நான் இந்து, உங்கள் மார்க்க விஷயத்தில் என் பேச்சு எடுபடுமா பாய் என்று கேட்டார். இது ஹதீஸ் இல்லை தம்பி, என் அக்காள் வாழ்க்கை, உங்கள் காதில் விழுந்ததை மட்டும் சொல்லுங்கள் என்றேன்.

அவர் காதில் விழுந்தது சின்னதுதான். காதர் பாய் கலியாணம் முடிச்சிட்டாராம், ஊரில் இன்னும் சொல்லவில்லையாம். இவ்வளவே. ஃபிளாட் கிடையாது, நர்சு கிடையாது. சொன்னது ரிஸ்வான், மச்சானோடு ஸ்டோரில் வேலை பார்த்த இலங்கைப் பையன். அவன் இப்போது ரியாத்தில் பத்தாவில் ஒரு மொபைல் கடைக்குப் போய்விட்டான். மச்சான் மௌத்தானது அவன் போன பிறகு.

சேதியை நம்பினீர்களா என்றேன். செல்வராசு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நம்பாம என்ன பாய். அடுத்த வாரமே மெத்தைய எனக்குத் தூக்கிக் குடுத்துட்டாரு. குக்கர வேற ஒருத்தருக்கு. சரி, புதுச் சம்சாரம் வீட்டுக்குக் கெளம்புறாருன்னு நெனச்சேன். கேக்குறதுக்குக் கூச்சமா இருந்துச்சு."

மெத்தையைக் கொடுத்தது கண்ணால் கண்ட சாட்சி. ஊருக்குப் போய் லாத்தாவிடம் இதைச் சொல்ல வேண்டியதுதான் என்று நினைத்தேன். போனில் ரிஸ்வானைப் பிடித்துக் கேட்டுவிடலாம், நம்பரும் இருக்கிறது என்றார் செல்வராசு. போனில் கேட்டுக் கேட்டுத்தான் இந்தக் கதியே வந்தது, நேரில் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வருகிறேன் என்று மட்டும் ரிஸ்வானுக்குச் சேதி அனுப்பினோம்.

ரியாத் பஸ்ஸில் ஏசி எலும்பைக் குடைந்தது. வெளியே வேகிறது, உள்ளே விறைக்கிறது. பின் சீட்டில் ஒரு ஆள் உருதுவில் மனைவியோடு பேசிக்கொண்டே வந்தார். சாப்பிட்டேன், கோழிக்கறி, வயிறு நிறைய என்றார். அவர் காலையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு வருவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பாதிப் புத்தகத்தில் இருக்கும் பிரயாணிகளை நினைத்துக்கொண்டேன். நபித்தோழர் ஒருவர் ஒரே ஒரு ஹதீஸுக்காக ஒட்டகம் வாங்கி, மதீனாவிலிருந்து ஷாம், அதாவது சிரியா வரை ஒரு மாதம் போனார் என்று சொல்வார்கள். அந்த வாக்கியம் அவருக்கு ஏற்கெனவே தெரியும். நபியவர்களிடம் நேரில் கேட்டவர் வாயால் கேட்க வேண்டும் என்றுதான் போனார். இன்னொரு கதையும் உண்டு. ஓர் அறிஞர் தூரத்து ஊருக்கு ஹதீஸ் கேட்கப் போனாராம். அங்கே அந்த ஆள் வெறும் மடியைக் காட்டி, தீனி இருப்பதுபோல ஏய்த்துக் குதிரையைப் பிடிப்பதைப் பார்த்தாராம். மிருகத்தை ஏய்ப்பவனிடம் ஹதீஸ் வேண்டாம் என்று திரும்பிவிட்டாராம். மேடையில் இதைச் சொன்னால் கூட்டம் சொக்கிப்போகும். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கதைக்கே உருப்படியான அறிவிப்பாளர் தொடர் கிடையாது என்கிறார்கள்.

பஸ் ஓர் இடத்தில் நின்றது. பத்தா, பத்தா என்று டிரைவர் கத்தினார். எவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டோம் என்று நான் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி விறுவிறுவென்று நடந்தேன். மொபைல் கடை எங்கே, மலையாளி ஓட்டல் எங்கே? லாரிகள் நிற்கின்றன, அதற்கப்பால் மணல். ஒரு போலீஸ்காரர் என்னைப் பார்த்துக் கையைத் தட்டி, எங்கே போகிறாய், அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை என்று அரபியில் கேட்டார். சவூதி எல்லைச் சாவடிக்கும் பத்தா என்றுதான் பெயராம், ரியாத் கடைத்தெருவுக்கும் பத்தா என்றுதான் பெயராம். கோழிக்கறிக்காரர் ஓடி வந்து என் பையை வாங்கிக்கொண்டு, யல்லா, வாங்க பாய், உங்கள் பத்தா இன்னும் வெகுதூரம் என்று சிரித்தார். ஒரே பெயரில் இரண்டு அறிவிப்பாளர்கள் இருந்தால் பிரித்து அறிவது எப்படி என்று ஓர் அத்தியாயமே எழுதியவன் நான். வெட்கத்தோடு ஏறி உட்கார்ந்தேன்.

நிஜப் பத்தா, நம் பர்மா பஜாரைப் பெருக்கி வைத்த மாதிரி. நடைபாதையில் மொபைல் கவர், சிம் கார்டு, செண்டு, ஜட்டி. வங்காளம், மலையாளம், உருது, நடுநடுவே தமிழ். எத்தனையோ நாளுக்குப் பிறகு இட்லி கிடைத்தது. கல்லாக இருந்தது. ஆனாலும் சாம்பார் சாம்பாராகவே இருந்ததால் குறை சொல்ல மனம் வரவில்லை.

மாலை அசர் தொழுகைக்குப் பிறகு ரிஸ்வானைப் பார்த்தேன். அக்கரைப்பற்றுக்காரர். பையன் என்று சொன்னார்கள், முப்பதைத் தாண்டியிருக்கும். கடையை இன்னொருவரிடம் விட்டுவிட்டு என்னைப் பக்கத்து டீக்கடைக்குக் கூட்டிப் போனார். அண்ணனை அவர்கள் காக்கா என்பார்கள். காதர் காக்காவின் மச்சினன் என்றதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவில்லை. மௌத்துச் செய்தி கேட்டு இங்கே, உடல் இல்லாமல் தூரத்திலிருந்தே தொழும் காயிப் ஜனாஸா தொழுதாராம். புதுசாக வந்த காலத்தில் அவருக்குச் சோறாக்கப் பழக்கியதே மச்சான்தானாம்.

பேச்சு சுற்றிச் சுற்றிக் கலியாணத்துக்கு வந்தது. எங்கே நின்று சொன்னார், அப்போது வேறு யார் இருந்தார்கள், முகம் எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஸ்டோர் வாசலில்தானாம். மச்சான் ஆபீசிலிருந்து வந்தாராம். முகமெல்லாம் சிரிப்பாம். இவரைத் தவிர யாரும் இல்லையாம். சொன்ன வார்த்தை என்ன என்று கேட்டேன். கலியாணம் முடிச்சிட்டேன் என்று சொன்னார் என்றார் ரிஸ்வான்.

"கலியாணம்ங்கிற வார்த்தை அவர் வாயில வந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

ரிஸ்வான் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு யோசித்தார். பிறகு, மச்சானின் குரலையே பிடித்துக்கொண்டு சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

"இல்ல காக்கா. கலியாணம் எண்டு சொல்லல்ல. 'முடிச்சிட்டேன் ரிஸ்வான். வீட்ல இன்னும் சொல்லல. நேர்ல போய் நின்னு சொல்லிக்கிறேன்.' இவ்வளவும்தான். முடிக்கிறண்டா கலியாணந்தானே? எங்கட பக்கம் அப்படித்தானே கதைக்கிற. அவன் எங்க முடிச்ச, இவன் எப்ப முடிச்ச எண்டு."

அந்தச் சொல்லை நானும் ஒரு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். அப்புறம்தான் புரிந்தது. எங்கள் பக்கத்தில், வளைகுடாவுக்குப் போன வீடுகளில், முடிச்சிட்டேன் என்றால் வேறு. விசாவை முடித்துவிட்டேன், இந்த வேலையும் வேண்டாம், இந்த நாடும் வேண்டாம், ஒரேயடியாக ஊருக்கு வருகிறேன் என்று அர்த்தம். லீவில் வந்திருக்கிறாரா, முடிச்சிட்டு வந்துவிட்டாரா என்றுதான் எங்கள் தெருவில் கேட்பார்கள். மச்சான் முடித்தது அஜ்மானை. மெத்தையையும் குக்கரையும் கொடுத்தது அதற்குத்தான்.

ரிஸ்வான் பொய் சொல்லவில்லை, ஒன்றையும் கூட்டவில்லை. தனக்கு விளங்கியதைச் செல்வராசுக்கு விளங்கும்படி சொன்னார், அவ்வளவுதான். கேட்ட சொல்லை அப்படியே ஒப்பிக்க வேண்டுமா, பொருளைச் சொன்னால் போதுமா என்று அந்தக் காலத்து அறிஞர்கள் பெரிய வாதமே நடத்தியிருக்கிறார்கள். ஒரு சொல்கூட மாறக் கூடாது என்றார்கள் சிலர். பொருளைச் சொல்லலாம், ஆனால் எந்தச் சொல்லை மாற்றினால் எது கெடும் என்று தெரிந்தவர் மட்டும் சொல்லலாம் என்றார்கள் மற்றவர்கள். இதைப் பற்றி நான் எழுதிய பக்கத்தை, ரொம்ப வறட்சி, வாசகர் தூங்கிவிடுவார் என்று பதிப்பாளர் வெட்டச் சொல்லியிருந்தார். நானும் சரி என்றிருந்தேன்.

எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ரிஸ்வானுக்குச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று இப்போதும் தோன்றுகிறது. அவர் அந்தச் சேதியைச் சந்தோஷத்தில் சொன்னாராம். காதர் காக்காவுக்குத் தனிமை தீர்ந்தது என்று, இனிப்பு வாங்கிக் கொடுத்துத்தான் செல்வராசிடம் சொன்னாராம். லாத்தா போனை எடுக்காமல் இருந்தது அவருக்கு நான் சொல்லித்தான் தெரியும். "அவட நம்பரத் தாங்க காக்கா, நான் மாப்புக் கேக்கோணும்" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். முதலில் நான் பேசிவிடுகிறேன் என்றேன். கடைக்குத் திரும்பிப் போகும்போது எதிரே வந்த ஆளை இடித்துவிட்டு, இடித்ததே தெரியாமல் போனார்.

நான் அந்த டீக்கடையிலேயே உட்கார்ந்திருந்தேன். மச்சான்மேல் ஒரு பழியும் இல்லை. இதைச் சொன்னால் லாத்தா மாப்புக் கொடுத்துவிடுவாள். ஆனால் சொன்ன மறுகணம் அவள் தலையில் என்ன வந்து விழும் என்று எனக்குத் தெரியும். சொல்லாமல் விட்டால் ஆயுசு முழுக்க அவரை வெறுத்துக்கொண்டிருப்பாள். வெறுப்பாவது அவளுக்கு ஒரு பிடிமானமாக இருக்குமே என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆனால் உண்மை என்றால் உண்மை என்று சொல்லச் சொல்லித்தானே அனுப்பினாள்?

போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். பொய்தான் லாத்தா, கலியாணம் ஏதும் நடக்கவில்லை என்றேன். பின்னே என்ன சொன்னார், அவர் சொன்னதை அப்படியே சொல்லு என்றாள். ரிஸ்வான் என்பவர் ஸ்டோர் வாசலில் தன் காதால் கேட்டதாக எனக்கு நேரில் சொன்னார் என்று ஆரம்பித்து, சொல் மாறாமல் சொன்னேன்.

"'முடிச்சிட்டேன் ரிஸ்வான். வீட்ல இன்னும் சொல்லல. நேர்ல போய் நின்னு சொல்லிக்கிறேன்.'"

நான் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அந்தச் சொல்ல எப்பச் சொல்லப்போறார்னுதானே கலியாணமான நாள்லேர்ந்து காத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். அப்புறம் அழுதாள். நான் எத்தனையோ மௌத்து வீட்டில் அழுகை கேட்டிருக்கிறேன். இப்படிக் கேட்டதில்லை. டீக்கடைக்காரர் ஒரு தம்ளர் தண்ணீரை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

கொஞ்சம் அடங்கியதும் கேட்டாள். தினமும் போன் அடித்தாரே, நான் எடுக்கவில்லை என்று அவருக்கு என்மேல் கோபமா? மனசு நொந்தா போனார்? எனக்கு மாப்புக் கொடுத்திருப்பாரா?

இதை நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்ல ஆளில்லை. மச்சானின் கடைசி நாட்களில் ரிஸ்வான் அங்கே கிடையாது. செல்வராசு கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். நல்ல எண்ணத்தில், மக்கள் நன்மைக்காக என்று ஹதீஸ்களை இட்டுக்கட்டியவர்கள் அந்தக் காலத்தில் உண்டு. அவர்களைத் திட்டி நான் நாலு பக்கம் எழுதியிருக்கிறேன். அத்தனையும் தெரிந்திருந்தும் என் வாய் தானாகச் சொன்னது.

"கோவமே படலையாம் லாத்தா. சிரிச்சுக்கிட்டேதான் இருந்தாராம். எல்லாம் நேர்ல போனா சரியாயிரும்னாராம்."

லாத்தா நிதானமாக, அழுகை ஏதும் இல்லாத குரலில் கேட்டாள்.

"யாருக்கிட்டச் சொன்னாரு?"

ரிஸ்வான் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. செல்வராசு பெயரும் வரவில்லை. ஏதாவது ஒரு பெயர், யாராவது ஒரு ஆள். பத்தா தெருவில் அத்தனை பேர் போய்க்கொண்டிருந்தார்கள்.

"கேட்டத மட்டும் சொல்லு தம்பி" என்றாள்.

கேட்டதையெல்லாம் நான் முன்னமே சொல்லிவிட்டிருந்தேன்.